சேனல் ஒன்றில் நகராத கோடு

ஆக்சிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது. மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் ஸ்கோப் கருவியின் திரையில் மஞ்சள் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அக்காவுக்குப் புரியாதது இதுதான்.

ஒரு முறை என்றால் ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம். மூன்று வாரத்தில் பதினோரு முறை அந்த மெஷின் தானாக நின்றிருக்கிறது. கடைசி ஐந்து முறை அவள் ஸ்கோப்பை மாட்டிவைத்துக் கண் கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தாள். ஐந்து முறையும் கோடு குத்துக்கல்லாட்டம் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு நின்றது பன்னிரண்டாவது முறை.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரு," என்றான் தம்பி, கட்டிலில் சாய்ந்தபடி.

மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவன் அவன்தான். நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, எந்நேரமும் உர்ரென்று உறுமிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் தன்னையே பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்து, காரணம் சொல்லாமல் கோபித்துக்கொள்கிற ஆள் வேறு யாராக இருக்க முடியும்? அந்த நகைச்சுவையை முதல் நாள் அவன் ஒரே மூச்சில் சொன்னான். இப்போது மூன்று மூன்று சொல்லாகத்தான் பேசுகிறான். நடுவில் மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருக்கிறது.

அக்கா எழுந்து மூன்று எட்டில் சிலிண்டரை அடைந்தாள். திருகைத் திறந்தாள். குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் செருகினாள். புஸ்ஸென்று சத்தம் வந்த பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள். அளவுமானியின் முள் சிவப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழுதாக நிறைந்திருந்தால் நாற்பது நிமிஷம் வரும். இப்போது இருபத்தைந்து வந்தால் பெரிது. மாற்று சிலிண்டர் மாலை நாலு மணிக்கு வரும்.

தம்பிக்கு வயது முப்பத்து நாலு. சமையலறை மேடைக்கான கல்லில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை அறுப்பது அவன் தொழில். பன்னிரண்டு வருஷம் தண்ணீர் விடாமல் காய்ந்த கல்லை அறுத்தான். தண்ணீர் விட்டால் சேறாகும், வேலை தாமதமாகும் என்று பட்டறையில் யாருமே விடுவதில்லை. வெள்ளைத் தூள் தலையில், புருவத்தில், சாப்பாட்டு டப்பாவில் எல்லாம் படிந்தது. நெஞ்சுக்குள் படிந்ததுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. "போன நுரையீரல் போனதுதான். இருக்கிறத வெச்சு ஓட்டணும். மெஷின் நிக்காம பாத்துக்கோங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. சொல்ல இருந்ததும் அவ்வளவுதான்.

மெஷினை நிற்காமல் பார்த்துக்கொள்வது, அந்த ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அதுவும் இன்று வரைதான். நாளை திங்கட்கிழமை.

"காலைல ஏழு மணிக்கு ஸ்கோப்பும் பெஞ்சுல இருக்கணும், நீயும் பெஞ்சுல இருக்கணும். ரெண்டுல ஒண்ணு வரலேன்னா இன்னொண்ணும் வர வேண்டாம்," என்று அவளுடைய தொழிற்சாலை சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வாரம் லீவு கொடுத்து, பத்து நாளாக ஸ்கோப்பையும் வீட்டுக்குக் கொடுத்து வைத்தவர். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

அவள் போய்விட்டால் ஏழிலிருந்து ஐந்து வரை தம்பி தனியாக இருப்பான். கட்டிலிலிருந்து சிலிண்டர் ஆறு அடி தூரம். அந்த ஆறு அடி நடந்து, இறுகிப்போன திருகைத் திருப்ப அவனால் முடியாது. போன வியாழக்கிழமை அவள் மருந்துக் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் மெஷின் நின்றது. திரும்பி வந்தபோது அவன் தரையில், கை சிலிண்டரின் அடியைப் பிடித்தபடி கிடந்தான். உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. சிலிண்டரைத் திறந்து பாதி நிமிஷம் கழித்து அவன் சொன்ன முதல் சொல், "மாத்திரை வாங்கினியா?"

பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு இவன் வரிசையில் நாற்பத்து மூன்றாவது. மெஷினைச் செய்த கம்பெனி மூடிக்கிடந்தது. எங்கோ தேடிப் பிடித்த ரிப்பேர்காரர் வந்தார். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், மெஷின் நின்றது.

அதனால்தான் அவளே இறங்கினாள். பாட்டரி சார்ஜர் செய்யும் தொழிற்சாலையில் சோதனை பெஞ்சில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள். மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்ததுமே உள்ளே நடப்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அது அப்படி ஒன்றும் மாயம் இல்லை. ஒரு கம்ப்ரசர் அறைக் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்று இரண்டு உருளைகளில் ஒன்றுக்குள் போகிறது. உள்ளே கடுகளவு உருண்டைகள் நிறைந்திருக்கின்றன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, ஆக்சிஜனைப் போக விடுகின்றன. ஒரு உருளை நிறைந்ததும் டக்கென்று வால்வு மாறி, காற்று அடுத்த உருளைக்குப் போகும். முதல் உருளை பிடித்ததையெல்லாம் புஸ்ஸென்று வெளியே துப்பும். டக், புஸ். டக், புஸ். இதைத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எப்போது மாற வேண்டும் என்று வால்வுக்குச் சொல்வது ஒரு சின்ன போர்டு. போர்டுக்குத் தேவை ஐந்து வோல்ட். அந்த ஐந்து, நாலரைக்குக் கீழே இறங்கினால் போர்டுக்குத் தலை சுற்றும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று முறை பீப் பீப் என்று கத்தும். மெஷின் நிற்கும்போதெல்லாம் இப்படித்தான் கத்துகிறது. ஆகவே அவளுடைய சந்தேகம் முதல் நாளிலிருந்தே ஐந்து வோல்ட்டின் மேல்தான்.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். 4.97. மெஷின் நின்ற பிறகு ஓடிவந்து பார்த்தாள். 4.9. இரண்டுமே நல்ல அளவு. அப்படியானால் நிற்கும் அந்த நொடியில் மட்டும் ஏதோ நடக்கிறது என்று எண்ணி ஸ்கோப்பைக் கொண்டுவந்தாள். மீட்டர் எண்ணை மட்டும் சொல்லும். ஸ்கோப் மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்துகொண்டே போகும். ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். அதனிடமிருந்து எதுவும் தப்பாது என்று நம்பினாள்.

இன்னொரு விஷயமும் அவளைக் குழப்பியது. மெஷின் தினமும் நிற்பதில்லை; நிற்கிற நாளில், மூடி மூடியிருந்தால் போட்ட இரண்டரை மணி நேரத்தில் நின்றது. திறந்து வைத்தால் நாலு மணி நேரம் தாங்கியது. சூட்டில்தான் சங்கதி இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் எதைச் சூடு கெடுக்கிறது? போர்டைத் தொட்டு அளக்கும் ஸ்கோப்பின் ப்ரோப் ஒயரைக் காற்றோட்ட ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மூடியை மூடி, ஐந்து முறை காத்திருந்தாள். ஐந்து முறையும் கோடு நேராகத்தான் போனது. மெஷின் நின்றபோது கோட்டில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னத் துள்ளல் வந்தது, உடனே பழைய இடத்துக்குப் போய்விட்டது. கம்ப்ரசர் நின்ற அதிர்ச்சி என்று விட்டுவிட்டாள்.

இப்போதும் அதே துள்ளல்தான். அதே கோடுதான்.

"என்னக்கா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"கேட்டுப் பாத்தியா... மரியாதையா?"

அவள் ஸ்கோப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கை தானாகப் போய் ரீகால் பொத்தானை அமுக்கியது. அதன் பிறகு ஒன்றாம் எண் பொத்தானை. பதினோரு வருஷமாக அவள் காலையில் பெஞ்சுக்கு வந்ததும் செய்யும் முதல் காரியம் அது. சேமித்து வைத்த செட்டிங்கை அது திரும்பக் கொண்டுவரும். அந்தப் பிரிவில் ஒன்பது பேரும் அதைத்தான் அமுக்குவார்கள். செட்டிங்கைப் போட்டு வைத்தவர் அவளுக்கு முன்னால் அங்கே இருந்த பெரியவர். போட்டுவிட்டு ஸ்கோப்பின் நெற்றியில் ஒரு டேப்பை ஒட்டி, 'சேனலில் கை வைக்காதே' என்று எழுதினார். ப்ரோப் செருகும் வழிக்குத்தான் சேனல் என்று பேர். அவர் ஓய்வு பெற்றுப் போனார். டேப்பில் எழுத்து அழிந்துபோனது. சட்டம் மட்டும் அழியவில்லை. ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது போர்டு பார்க்க வேண்டிய இடத்தில் யார் போய் மெனுவைத் திறந்துகொண்டிருப்பார்கள்?

வீட்டிலும் அப்படியே. ஸ்கோப்பை ஒவ்வொரு முறை போட்டதும் ரீகால், ஒன்று. கோடு ஏன் அசையவில்லை என்று சந்தேகம் வரும்போதெல்லாம், செட்டிங் கலைந்திருக்குமோ என்று மறுபடியும் ரீகால், ஒன்று.

சிலிண்டரின் முள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அக்கா."

"பேசாத. காத்து வீணாகுது."

"நாளைக்கு வேலைக்குப் போ."

"ஆமா, போறேன். போயிட்டு வந்து பாக்கிறேன், நீ தரையில கிடக்கிறியான்னு."

"கிடந்தா கிடக்கிறேன். விடுக்கா." அவன் மூச்சுக்காக நிறுத்தினான். "மூணு வாரமா நீயும்... என்கூட சேந்து சாகுற."

"வாய மூடுடா!"

கத்தியது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவில் போன யாரோ நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்க வேண்டும். நெஞ்சில் படிந்த கல்லும் விடாது, ஆஸ்பத்திரியும் எடுக்காது, வேலையும் காத்திருக்காது, தான் கற்ற ஒரே வித்தையும் கை கொடுக்காது. மெஷினைப் பார்த்தாள். அடித்து நொறுக்கலாம் போல் வந்தது. நொறுக்க முடியாது. அவனுடைய மூச்சு அதற்குள் இருக்கிறது. மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி வீசினாள்.

அது கட்டிலின் காலில் மோதித் தரையில் விழுந்தது.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லில் கோடு போட்டு அறுத்தவன் கண். எங்கே கோடு பிசகினாலும் அதற்குத் தெரியும்.

"அக்கா, பிளக்கப் புடுங்கிட்டல்ல?"

"ஆமா."

"இப்ப அதுல கரண்ட்டு... இல்லல்ல?"

"இல்ல. அதுக்கென்ன?"

"அப்ப அந்தக் கோடு..." மூச்சு. "ஏன் அதே இடத்துல இருக்கு?"

அவள் திரும்பினாள். மஞ்சள் கோடு திரையின் நட்டநடுவில், காலையிலிருந்து இருந்த அதே இடத்தில் இருந்தது. மெஷின் ஓடியபோது அங்கே. நின்றபோது அங்கே. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அங்கே. ஐந்து வோல்ட்டும் பூஜ்யமும் எப்படி ஒரே உயரத்தில் இருக்க முடியும்? உயிரோடு இருந்தாலும் அதே கோடு, செத்தாலும் அதே கோடு என்றால், அந்தக் கோடு எதைப் பார்த்து வரையப்படுகிறது?

திரையின் கீழ் மூலையில் சேனல் ஒன்றின் அளவு எழுதியிருந்தது. ஒரு கட்டத்துக்கு இருபது மில்லிவோல்ட். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு நெளி. சின்ன அலை. பதினோரு வருஷமாக அந்த நெளி அங்கே இருக்கிறது. அது ஏதோ அலங்காரம் என்பதைப் போல அவள் கண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

சேனலில் கை வைத்தாள்.

மஞ்சள் பொத்தானை அமுக்கியதும் மெனு வந்தது. முதல் வரி: கப்ளிங், ஏசி.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். இதைப் படித்திருக்கிறாள், பரீட்சையில் படம் வரைந்து எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது ஒன்று. தண்ணீரின் மேல் எவ்வளவு அலை அடிக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. கப்ளிங் என்பது சிக்னலை உள்ளே விடும் விதம். அதை ஏசியில் போட்டால், ஸ்கோப் சிக்னலை ஒரு கபாசிட்டர் வழியாக உள்ளே விடும். நிலையாக நிற்பதை அது வாசலிலேயே நிறுத்திவிடும். வேகமாக ஆடுவதை மட்டும் உள்ளே விடும். அலை தெரியும், தண்ணீர் மட்டம் தெரியாது. தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் கோடு நடுவில்தான் வந்து நிற்கும். மட்டம் மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் இறங்கினால் அதையும் நின்றதாகவே எடுத்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் அதுதான் வேண்டும். சார்ஜர் போர்டில் அலை எவ்வளவு என்று பார்ப்பது மட்டும்தான் அவள் பெஞ்சின் வேலை. மட்டத்தை வேறொரு பெஞ்சு பார்க்கும். பெரியவர் போட்டு வைத்த செட்டிங்கில் குற்றம் இல்லை. அவள்தான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, மட்டத்தைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளாக. வியாழக்கிழமை அவன் தரையில் கிடந்தபோதும் இந்த நெளி இங்கே இருந்தது.

"என்னாச்சு?"

"பேசாதடா, கண்ணு. ஒரு நிமிஷம்."

கப்ளிங்கை, மட்டத்தையும் அப்படியே உள்ளே விடும் டிசிக்கு மாற்றினாள். நெளி போய், அந்த இடத்தில் ஒரு நேர்கோடு வந்தது. அளவை ஒரு கட்டத்துக்கு ஒரு வோல்ட் ஆக்கினாள். இருபது மில்லிவோல்ட்டிலேயே விட்டிருந்தால் ஐந்து வோல்ட் திரைக்கு மேலே எங்கோ ஓடியிருக்கும். ப்ரோப்பின் கழுத்தில் பத்து என்று இருந்தது, மெனுவிலும் பத்து என்று இருந்ததைச் சரிபார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஐந்து ஐம்பதாகத் தெரியும், இல்லை அரையாகத் தெரியும். பூஜ்யத்தின் குறியை நடுவிலிருந்து கீழே தள்ளி, அடியிலிருந்து முதல் கட்டத்தில் நிறுத்தினாள். இப்போது கோடு அந்த அடியில் கிடந்தது. மின்சாரம் இல்லாத மெஷினின் கோடு கிடக்க வேண்டிய இடம் அதுதான்.

பிளக்கைச் செருகி மெஷினைப் போட்டாள். டக், புஸ். கோடு எழுந்தது. ஐந்து கட்டம் ஏற வேண்டியது, ஏறவில்லை. ஐந்தாவது கட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தயங்கி நின்றது. 4.7.

மூன்று நிமிஷம் மெஷினைத் தொடாமல் பார்த்தாள். 4.68. 4.65. கோடு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. மணியின் முள் நகர்வது மாதிரிதான். ஆனால் இறங்கியது. சிலிண்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது. எண் 4.58 ஆனபோது மூடியைக் கழற்றினாள். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் இடத்தில் வெள்ளைக் கனெக்டர் ஒன்று இருந்தது. வெள்ளை என்பது பழைய கதை. ஒரு ஓரம் டீக்கறை நிறத்தில் இருந்தது. மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து அதை ஒரு பக்கமாக அழுத்தினாள்.

கோடு ஒரே துள்ளில் ஐந்துக்கு ஏறியது.

பென்சிலை எடுத்தாள். இறங்கியது. அழுத்தினாள். ஏறியது.

"ஏறுது," என்றான் தம்பி.

அவள் மெஷினை அணைத்தாள். சால்டரிங் அயர்ன் சூடாக மூன்று நிமிஷம் ஆனது. சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டே வந்தது. கனெக்டரை இரண்டு பக்கமும் நறுக்கி எறிந்தாள். உள்ளே பின் கறுத்து, தளர்ந்து, ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற அதன் பிடி தளர்ந்திருக்கிறது, வழியிலேயே அரை வோல்ட்டைத் தின்றிருக்கிறது. மெஷின் நின்று, வால்வை இயக்கும் ரிலேக்கள் ஓய்ந்து, மின்சார இழுப்பு குறைந்ததும் மீட்டருக்கு நல்ல பிள்ளையாக 4.9 காட்டியிருக்கிறது. ஒயர்களை நேராகச் சேர்த்துப் பற்றவைத்தாள். முதல் சால்டர் பிடிக்கவில்லை. ஊதிவிட்டு மறுபடி வைத்தாள். பின்னால் தம்பியின் மூச்சு வேகமாகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும்.

டேப் சுற்றினாள். மூடியை மூடினாள். ஸ்விட்சைப் போட்டுக் குழாயை மாற்றிச் செருகினாள்.

டக், புஸ்.

மாலை நாலு மணிக்கு மாற்று சிலிண்டர் வந்தது. அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு மணிக்குத் தம்பி எழுந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை சமாதானம்போல," என்றான். அவனுடைய உதடு காலையில் இருந்த நிறத்தில்தான் இருந்தது. நுரையீரல் நேற்றைக்கு இருந்ததுதான். நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறையும். டாக்டர் சொன்ன கணக்கில் எதுவும் மாறவில்லை. அவள் நாளை காலை ஆறரைக்குக் கிளம்புவாள், அவன் பத்து மணி நேரம் தனியாக இருப்பான், மெஷின் ஓடும். கிடைத்தது அவ்வளவுதான்.

ஏழரைக்கு, மூடி மூடியபடி மெஷின் ஏழரை மணி நேரம் ஓடியிருந்தபோது, திரையில் 4.96 என்று இருந்தது. அக்கா ஒரு அட்டையில் எழுதி மெஷினின் முதுகில் ஒட்டினாள்:

'இது தானாக நின்றால் போர்டில் ஐந்து வோல்ட்டைப் பார். ஸ்கோப்பில் பழைய செட்டிங்கை ரீகால் செய்யாதே. சேனல் ஒன்று, கப்ளிங் டிசி. ஒரு கட்டத்துக்கு ஒரு வோல்ட். ப்ரோப் பத்து, மெனுவிலும் பத்து. பூஜ்யம் அடியிலிருந்து முதல் கட்டத்தில். கோடு அதற்கு மேல் ஐந்தாவது கட்டத்தில் நிற்க வேண்டும். கனெக்டர் எடுக்கப்பட்டது, ஒயர் நேராகச் சால்டர் செய்யப்பட்டது.'